ஜன்னலுக்கு நேரே ஒரு விளக்கு ராட்டினம்

இது ஒருத்திக்கு நடந்தது. கேட்டுவிட்டு, "சும்மா கட்டி விட்டது" என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பு இல்லை. விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்றும், நேரம் தவறாமல் குறித்த நோட்டு ஒன்றும் அந்த வீட்டில் இருந்தன. அந்த ஒன்பது நாட்களும் இன்றுவரை அவற்றில் அப்படியே இருக்கின்றன. பெயர்களை மட்டும் விட்டுவிடலாம். அந்தத் தெருவில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

தெருவில் அவளை எல்லோரும் போர்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளுக்கு எரியும் பெயர்ப்பலகை செய்து கொடுப்பது அவள் தொழில். நாற்பத்திரண்டு வயது. பத்து விரல்களில் ஆறில் சால்டரிங் ராடு சுட்ட தழும்பு. புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் குடித்தனம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது மாமியார்.

மாமியாருக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வாய் போனது. கை கால் போனது. கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது. கண் மட்டும் தப்பியது. முன்னறையில், ஜன்னலைப் பார்த்தபடி, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் பொண்ணு வருவாள். மற்ற நேரமெல்லாம் மருமகள்தான்.

ஒரு குறை சொல்ல முடியாது. வேளைக்கு மருந்து, வேளைக்குக் கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. உடம்பில் ஒரு புண் கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பெத்த பொண்ணுகூட இப்படிப் பண்ண மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் தன் கோபத்தை வேறு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். வீட்டில் பன்னிரண்டு பேர் விருந்தாளிகள். அவள் அடுப்படியில் நின்றாள். கூடத்தில் போன் அடித்தது. மாமியார் எடுத்தார். வேறு ஊரிலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினாள். போர்டு அக்காவின் அம்மா கடைசி மூச்சில் இருக்கிறார், மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார், உடனே அனுப்புங்கள் என்று. மாமியார் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"யாரு அத்தை போன்ல?"

"ராங் நம்பர். நீ பரிமாறு."

பரிமாறினாள். பன்னிரண்டு பேரும் சாப்பிட்டு, வெற்றுக் கதை பேசி, கிளம்பி, கடைசிப் பாத்திரத்தையும் அவள் கழுவிக் கவிழ்த்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் மாமியார் விஷயத்தைச் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். திரும்பி வந்து கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாளா?"

அதற்குப் பிறகு ஏழு வருடமாக அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வருஷக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் அந்தத் தெருவுக்கு விளக்குப் பைத்தியம் பிடிக்கும். வீட்டுக்கு வீடு முன்முற்றத்தில் ஏதாவது எரிய வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் போன வருடம் எரியும் பல் ஒன்று வைக்க, பார்த்த பிள்ளைகள் எல்லாம் அழுதன. "எல்லாருக்கும் போர்டு போட்டுத் தர்றீங்க, உங்க வீடு மட்டும் இருட்டா இருக்கே" என்று அவளை வருடா வருடம் கேட்பார்கள். இந்த வருடம் அவள் செய்யலாம் என்று முடிவெடுத்தாள்.

சாதாரண சீரியல் லைட் இல்லை. பிக்சல் விளக்கு. ஒவ்வொரு குண்டு விளக்குக்கும் தனி நம்பர், தனி மூளை. இத்தனாம் நம்பர் சிவப்பு என்றால் அது மட்டும் சிவப்பாகும். நடுவில் ஒன்பதடி இரும்புக் குழாய். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். இரண்டையும் இணைத்து இருபத்து நான்கு அலுமினியப் பட்டைகள். பட்டைக்கு ஐம்பது விளக்கு. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு. பழைய கண்ணாடிக் கடையின் சுழலும் மேடையிலிருந்து கழற்றிய மோட்டார் முழுதையும் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தரம் சுழற்றும். சுற்றும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் கரண்ட் கொடுக்க அடியில் ஒரு செம்பு வளையம். சுழற்சியும் படமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் ராட்டினம் சுற்றும், அதில் தெரியும் மீன் மட்டும் ஒரே இடத்தில் நீந்தும். அவ்வளவு துல்லியம்.

முதல் தரம் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டாள். பட்டை ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து பல் டாக்டரின் மதில்மேல் விழுந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். "நேரா வந்து பல்லைக் கேட்டிருந்தா நானே பிடுங்கிக் குடுத்திருப்பேனேம்மா." அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். மூன்று வாரமாக அந்த வேலையில் அவள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ராட்டினத்தை மதில் ஓரத்து மூலையில் நிறுத்துவதாகத்தான் முதலில் திட்டம். ஒருநாள் இருட்டும் நேரத்தில் ஒரே ஒரு பட்டையை மட்டும் எரியவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஜன்னல் வழியாக முன்னறைக்குள் அடித்தது. கட்டிலில் மாமியாரின் முகம் சுருங்கியது. கண்களை இறுக்கி மூடினார். முகத்தைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை.

அவள் பட்டையைக் கையில் பிடித்தபடி அந்த முகத்தையே பார்த்தாள். அணைத்தாள். எரியவிட்டாள். அணைத்தாள். எரியவிட்டாள்.

மறுநாள் கான்கிரீட் மேடை போட ஆள் வந்தபோது, மூலையைக் காட்டவில்லை. ஜன்னலுக்கு நேரே, ஆறடி தள்ளிக் காட்டினாள்.

"இங்கயா? உள்ள படுத்திருக்கிறவங்க கண்ணுல அடிக்குமே."

"அவங்க பார்க்கத்தானே செய்யுறேன்."

தெருவே உருகிப்போனது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குப் பொழுது போக மருமகள் ராட்டினம் செய்கிறாள். டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம் 6.45. ஆறு மணிக்கே இருட்டிவிடும் காலம். ராட்டினம் எரிந்தது. கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்று கைதட்டினார்கள். மீன்கள் நீந்தின. பறவைகள் பறந்தன. அவள் உள்ளே போய்க் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை வெளிச்சம் மாமியார் முகத்தின் மேல் ஏறி இறங்கியது. சிவப்பு. நீலம். வெள்ளை. வெள்ளைதான் அதிகம் வரும்படி வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு அத்தை? உங்களுக்காகத்தான்."

மூடிய இமைகளுக்குக் கீழிருந்து தண்ணீர் வழிந்தது.

"அக்கா, திரையை இழுத்து விடட்டுமா? கண்ணுல தண்ணியா கொட்டுது" என்றாள் நர்ஸ் பொண்ணு.

"ஆனந்தக் கண்ணீர்டி அது. விடு."

சனிக்கிழமையும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை 7.10. அவள் கேட்டுத் தூணை ஒட்டி, கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கன்ட்ரோலர் பெட்டியும் லேப்டாப்பும் அங்கேதான். எதிரே பத்தடியில் ராட்டினம். அதற்கும் அப்பால் ஜன்னல். சுழலும் பட்டைகளின் இடைவெளியில் மாமியார் முகம் தெரியும். அதைப் பார்க்கத்தான் அவள் அங்கே நிற்பது.

ராட்டினத்தின் கீழ்ப்பக்கம் நான்கைந்து விளக்குகள் எரியவில்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு இருட்டு.

செத்த பிக்சலாக இருக்கும். தொழிலில் இது சகஜம்.

ஆனால் செத்த பிக்சல் ராட்டினத்தோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இது சுற்றவில்லை. பட்டைகள் வந்தன, போயின. ஒவ்வொரு பட்டையும் அந்த இடத்துக்கு வந்ததும் அணைந்து, தாண்டியதும் எரிந்தது. இருட்டு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

லேப்டாப்பைப் பார்த்தாள். படத்தில் இருட்டு இல்லை. ராட்டினத்தை நிறுத்திச் சோதனை ஓட்டினாள். ஆயிரத்து இருநூறும் எரிந்தன. மறுபடி சுழலவிட்டாள்.

இருந்தது.

'நிழலோ?' என்று நினைத்தாள். உடனே அவளுக்கே சிரிப்பு வந்தது. எரிகிற விளக்கின் மேல் யார் நிழல் விழும்?

திங்கட்கிழமை 7.10. இருட்டு முழங்கை நீளம் ஆகியிருந்தது. மேலே உருண்டையாக ஒரு பகுதி. கீழே அகலமாக ஒரு பகுதி. தூரத்தில் நிற்கும் ஒரு ஆளைப் போல...

அன்று இன்னொன்றையும் கவனித்தாள். மாமியார் கண்ணை மூடவில்லை. முதல் இரண்டு நாளும் இறுக்கி மூடியிருந்தவர், அன்று வெளிச்சம் நேராக அடித்தும் விரியத் திறந்து வைத்திருந்தார். இமைக்கவே இல்லை.

உள்ளே போனாள். "என்ன அத்தை, பழகிடுச்சா?"

மாமியாரின் கண் ஜன்னலுக்குப் போனது. அங்கிருந்து அவளுக்கு வந்தது. வாசல் கதவுக்குப் போனது. மறுபடி ஜன்னலுக்கு.

"திரையை மூடணுமா? மூட மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை. இருட்டு இடுப்பு உயரம். இப்போது சந்தேகமே இல்லை. தலை. கழுத்து. தோள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் அம்மாவுக்கு இடது தோள் இறங்கித்தான் இருக்கும்.

பயந்துபோயிருக்க வேண்டும். பயப்படவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. அம்மா வந்திருக்கிறாள். ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள். தினமும் ஒரு எட்டு எடுத்து வைக்கிறாள். அதனால்தான் அந்தக் கிழவியால் கண்ணை மூட முடியவில்லை. நன்றாகப் பார்க்கட்டும்.

அன்று ராட்டினத்தை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டாள். கேட்டோரம் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்குக் கிளம்பும்போது நர்ஸ் பொண்ணு தயங்கினாள். "அக்கா... அம்மா ஏதோ சொல்றாங்க."

"வாய்தான் போயிடுச்சே."

"நான் பகல்ல அ, ஆ, இன்னு சொல்லிட்டே வருவேன். சரியான எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பாங்க. ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகுது. ஆனா சொல்றாங்க அக்கா."

"திரையை மூடச் சொல்வாங்க. தெரியும்."

"இல்லக்கா, உங்களைத்தான்..."

"திட்டுறாங்களா? திட்டட்டும். உனக்கு நேரமாகுது, கிளம்பு."

புதன்கிழமை. கேட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை.

நாற்பது பேர் கூடிய இடம். அன்று ஒரு குழந்தைகூட வரவில்லை. தெருவில் போனவர்கள் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். பல் டாக்டர் தன் மாடியில் நின்றிருந்தார்.

"என்ன டாக்டர், அங்கேயே நின்னுட்டீங்க? கீழ வாங்களேன்."

"இல்லம்மா... இங்கிருந்தே நல்லா தெரியுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொறாமை என்று நினைத்தாள்.

7.22. முன்னறை ஜன்னலில் திரை சட்டென்று மூடியது. நர்ஸ் பொண்ணின் வேலை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்க அடி எடுத்து வைத்தாள்.

பின்னலை யாரோ பிடித்து இழுத்தது போல் தலை பின்னால் சாய்ந்தது.

கேட்டுக் கம்பியில் மாட்டியிருக்கும்.

கையைப் பின்னால் விட்டுத் தேடினாள். கம்பி எட்டவில்லை. கேட் அவளுக்கு இரண்டடி பின்னால் இருந்தது.

பின்கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. ஒரு தரம். நின்றது. மறுபடி ஒரு தரம். நின்றது...

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். அடித்தொண்டையிலிருந்து, மாடு கதறுவது போல. மாமியார்.

திரை திறந்தது.

பின்னல் விடுபட்டது. காற்று நின்றுபோனது.

7.24.

உள்ளே ஓடினாள். நர்ஸ் பொண்ணு திரைத் துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாவமா இருந்துச்சுன்னு மூடினேன்கா... மூடினதும் அப்படிக் கத்துறாங்க."

"இனிமே திரைமேல கை வச்சே, வேலைக்கு வர வேண்டாம்."

வியாழக்கிழமை. இருட்டு ஆளுயரம். இடையில் ஒருமுறை புருஷன் போன் செய்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"ஜோரா இருக்காங்க. ராட்டினத்தை விட்டுக் கண்ணெடுக்க மாட்டேங்குறாங்க."

"உன் பக்கத்துல யாரு பேசுறது?"

"யாருமில்லையே."

"...சரி, சிக்னல் சரியில்ல போல. வைக்கிறேன்."

அன்றும் நர்ஸ் பொண்ணு வாயெடுத்தாள். அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. இருட்டு ராட்டினத்தின் பாதியை விழுங்கியிருந்தது. தலை மேல் வளையத்தைத் தொட்டது. அம்மா இவ்வளவு உயரம் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அவள் தள்ளிவிட்டாள்.

உள்ளே மாமியாரின் கண்கள் ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தன. வெள்ளை வெளிச்சம் நேராக அடித்தது. இமைக்கவில்லை.

"இன்னும் எத்தனை நாள் அத்தை? அம்மா கிட்ட வந்துட்டாங்க போலிருக்கே."

அந்தக் கண்கள் அவளைக் கெஞ்சின. அவள் அதை உட்கார்ந்து ரசித்தாள்.

சனிக்கிழமை. ஒன்பதாம் நாள்.

6.45. எரியவிட்டாள்.

6.58. நர்ஸ் பொண்ணு வாசற்படிக்கு வந்தாள். "அக்கா, தயவுசெஞ்சு உள்ள வராதீங்க. இல்ல... இப்பவே வாங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அம்மா சொன்னதை மட்டும் ஒரு தடவை..."

"போய் அவங்க பக்கத்துல உட்காரு."

7.10. ராட்டினத்தில் விளக்கே தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக வெளிச்சம். நடுவெல்லாம் இருட்டு.

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. ர்ர்ர்ர்...

7.18. ஒரே நொடி. ஆயிரத்து இருநூறும் பளீரென்று எரிந்தன.

இருட்டைக் காணோம்.

'அம்மா உள்ளே போய்விட்டாள்' என்று நினைத்தாள்.

அதைப் பார்க்க வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தது அதற்குத்தான். வீட்டை நோக்கி நடந்தாள்.

படியில் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலைத் தரையில் வைத்தாள்.

தப்.

இன்னொரு முறை. தப்.

நின்றாள். சத்தமில்லை.

நடந்தாள். தப். தப். தப். தப்.

அவள் வைத்தது இரண்டு எட்டு.

திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

முன்னறைக் கதவைத் தள்ளினாள். நர்ஸ் பொண்ணு சுவரோடு ஒட்டி நின்றாள். மருந்து நேரம் குறிக்கும் நோட்டை மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

மாமியாரின் உதடு கோணியது. அசைந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக...

"வ...ரா...தே."

அவள் சிரித்தாள். கட்டிலருகே போனாள். குனிந்தாள்.

"எங்கம்மா வந்திருக்காங்களா அத்தை?"

"வ...ரா...தே."

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே, ஒரு சாண் தள்ளிப் பார்த்தார்.

7.26. மூச்சு நின்றது.

கண் திறந்தே இருந்தது.

அவள் கையை நீட்டினாள்.

"அக்கா... மூடாதீங்க" என்றாள் நர்ஸ் பொண்ணு.

மூடினாள். இமை திறந்துகொண்டது.

மறுபடி மூடினாள். திறந்துகொண்டது.

மூன்றாம் தரம் அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். நின்றுவிட்டது.

வெளியே ராட்டினம் அணைந்தது.

7.27. கன்ட்ரோலரில் அப்படித்தான் இருக்கிறது. ராட்டினம் அணைந்தபோது பெட்டி அருகில் யாருமில்லை.

புருஷன் வந்தான். சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் நடந்து முடிந்தது. "புண்ணியவதி, கடைசிவரைக்கும் வெளிச்சத்தைக் காட்டி அனுப்பி வச்சிருக்கா" என்று மருமகளைச் சொன்னார்கள். டாக்டர் வீட்டார் மட்டும் உள்ளே வரவில்லை. கேட்டோடு துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நர்ஸ் பொண்ணு மறுநாளிலிருந்து வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு அவள் வந்தாள். நல்ல வெயில். கேட்டுக்கு வெளியே நின்றபடி நோட்டை நீட்டினாள்.

"இது உங்ககிட்ட இருக்கணும்கா. மூணு தடவை சொல்ல வந்தேன். நீங்கதான் கேட்கல."

"உள்ள வா."

"வேணாம்கா."

"நீ அன்னிக்கு என்ன பார்த்தே?"

நர்ஸ் பொண்ணு போர்டு அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைக் கொடுத்ததும் கிட்டத்தட்ட ஓடினாள்.

மருந்துக் குறிப்புகளுக்கு நடுவில், எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதிய வரிகள் இருந்தன. பக்கத்தில் தேதி, நேரம்.

திங்கள், காலை 11.20. 'நேற்று ராத்திரி தெருக்கோடியில் ஒன்று நின்றது. அவளைப் பார்த்துக்கொண்டு.'

செவ்வாய், மதியம் 3.05. 'கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அவளை உள்ளே கூப்பிடு.'

வியாழன், காலை 10.40. 'திரை மூடாதே. நான் பார்க்காவிட்டால் தொடுகிறது.'

வெள்ளி, மதியம் 2.15. 'அவளுக்குப் பின்னால், ஒட்டி நிற்கிறது. அவள் சிரித்தால் அதுவும் சிரிக்கிறது. அவள் அம்மா இல்லை.'



கடைசி வரி சனிக்கிழமை. மாலை 6.55. கையெழுத்து கோணலாக இருந்தது.

'இன்று அவளோடு உள்ளே வரும். அன்று போனில் நான் செய்ததற்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் செத்தாலும் என் கண்ணை யாரும் மூட வேண்டாம்.'

புருஷன் இப்போது வெளியூர் ஓட்டத்துக்குப் போவதில்லை. அவளைத் தனியாக விட முடிவதில்லை. ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகை அழுத்திச் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

எவ்வளவு அழுத்தினாலும் சுவர் முதுகில் படுவதே இல்லையாம்.